ஹெலிகாப்டரும் விமானமும் ஒன்றான கதை: டில்ட்ரோட்டாரும் கார்பன் இழையும்



பி.காம் படிக்கிறவனுக்கு விமானத்தின் இறக்கையில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. விமானம் கட்டுவதும் ஒருவகையில் கணக்கு எழுதுவதுதான். பணத்துக்குப் பதில் அங்கே எடை, அவ்வளவுதான் வித்தியாசம். இறக்கையில் பத்து கிலோ கூட்டினால், எரிபொருளிலோ ஏற்றும் சுமையிலோ பத்து கிலோ குறைத்தாக வேண்டும். இந்தக் கணக்கு பல வருடங்கள் டேலி ஆகாமலே கிடந்த ஒரு விமானம் உண்டு. அதன் பெயர் டில்ட்ரோட்டார். தமிழில் 'சாய்சுழலி விமானம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹெலிகாப்டர் நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பும், ஓடுபாதை வேண்டாம். ஆனால் வேகம் குறைவு, தூரமும் குறைவு. விமானம் வேகமாக, நெடுந்தூரம் போகும், ஆனால் ஓடுபாதை இல்லாமல் ஒன்றும் நடக்காது. இரண்டின் நல்ல குணங்களையும் ஒன்றில் சேர்த்தால் என்ன? இறக்கையின் இரு நுனிகளிலும் பெரிய சுழலிகளை வைக்க வேண்டும். ஏறும்போது அவை வானத்தைப் பார்த்திருக்கும், மேலே போனதும் மெதுவாக முன்பக்கம் சாய்ந்து விமானத்தின் புரொப்பெல்லராக மாறிவிடும். இதுதான் டில்ட்ரோட்டார்.

கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஆனால் முதல் சோதனை விமானத்திலிருந்து படையில் சேர்ந்த விமானம் வரை வர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஏன் அவ்வளவு காலம்? அரசியல், பணம் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த காரணம், அந்த இறக்கையை எந்தப் பொருளால் செய்வது என்ற கேள்வி.

காவடியும் பம்பரமும்

முதலில் பிரச்சினையைப் புரிந்துகொள்வோம். சாதாரண விமானத்தில் எஞ்சின்கள் இறக்கையின் அடியிலோ உடலுக்குப் பக்கத்திலோ இருக்கும். டில்ட்ரோட்டாரில் கனமான சுழலியும் அதன் கியர்பாக்ஸும் இறக்கையின் கடைசி நுனியில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் கட்டிய காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் வைத்து நடந்தால் தண்டு மேலும் கீழும் ஆடும். உங்கள் நடையின் தாளமும் தண்டின் ஆட்டமும் ஒத்துப்போய்விட்டால் ஆட்டம் அதிகமாகி, தண்ணீர் சிந்திவிடும்.

இப்போது அந்தக் குடங்களுக்குப் பதிலாக இரண்டு ராட்சதப் பம்பரங்கள் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பம்பரத்தைச் சற்று இடித்தால் அது தலையை வட்டமாக ஆட்டும் அல்லவா? அதேபோல இறக்கை வளையும்போது சுழலியும் தலையாட்டும். சுழலி தலையாட்டினால் அது இறக்கையை இன்னும் வளைக்கும். எதிர்க்காற்றிலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டு இந்த ஆட்டம் தானே வளரும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் சில விநாடிகளில் இறக்கையே பிய்ந்துவிடலாம். இதைச் 'சுழல் படபடப்பு' என்று சொல்லலாம்.

இந்த ஆபத்தைப் பற்றி 1938லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. ஆனால் பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1959 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாக்ஹீட் எலெக்ட்ரா என்ற புத்தம் புதிய பயணிகள் விமானம் நடுவானில் உடைந்து 34 பேர் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1960 மார்ச் 17 அன்று இந்தியானா மாநிலத்தில் இன்னொரு எலெக்ட்ரா அதேபோல உடைந்து விழுந்தது. இந்த முறை 63 பேர். எலெக்ட்ரா டில்ட்ரோட்டார் அல்ல, நான்கு புரொப்பெல்லர்கள் கொண்ட சாதாரண விமானம். விசாரித்தபோது, எஞ்சினைத் தாங்கும் அமைப்பு தளர்ந்திருந்தால் புரொப்பெல்லர் தலையாட்ட ஆரம்பித்து, அந்த ஆட்டம் இறக்கைக்குப் பரவி, அதைப் பிய்த்துவிடும் என்று தெரிந்தது. 97 உயிர்கள் போன பிறகுதான் அந்தப் பழைய கட்டுரைக்கு மதிப்பு வந்தது.

எக்ஸ்வி-3: ஆடிக்கொண்டே பறந்தது

எலெக்ட்ரா விபத்துகளுக்கு முன்பே பெல் நிறுவனம் எக்ஸ்வி-3 என்ற டில்ட்ரோட்டாரைச் செய்யத் தொடங்கியிருந்தது. அது 1955 ஆகஸ்ட் 11 அன்று முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது. 1956 அக்டோபர் 25 அன்று சோதனை ஓட்டத்தின்போது விமானி அறை பயங்கரமாக அதிர்ந்ததில் விமானி டிக் ஸ்டான்ஸ்பரி மயக்கமடைந்தார். விமானம் விழுந்தது. அவர் உயிர் பிழைத்தார், ஆனால் படுகாயம்.

இரண்டாவது எக்ஸ்வி-3இல் மூன்று இதழ்ச் சுழலியை எடுத்துவிட்டு இரண்டு இதழ்ச் சுழலி வைத்தார்கள். இறக்கை வளையாமல் இருக்க வெளியிலிருந்து முட்டுக் கம்பிகளும் கொடுத்தார்கள். வாழை மரம் சாய்ந்துவிடாமல் இருக்கக் கழி முட்டுக் கொடுப்பதைப் போலத்தான். 1958 டிசம்பர் 18 அன்று பில் குயின்லன் என்ற விமானி அதை ஹெலிகாப்டர் நிலையிலிருந்து விமான நிலைக்கு முழுமையாக மாற்றிப் பறந்து காட்டினார். இந்த யோசனை நடக்கக்கூடியதுதான் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

ஆனால் வேகம் கூடக்கூட ஆட்டமும் வந்தது. எக்ஸ்வி-3ஐ நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உள்ள பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கடைசியில் 1960களின் இரண்டாம் பாதியில், கோட்பாடு சரிதான் என்று நிரூபித்த ஒரு சோதனைத் தொடரின் முடிவில், உலோகச் சோர்வினால் இறக்கை நுனி உடைந்து விமானம் பலத்த சேதமடைந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் யாரும் இல்லை. உலோகச் சோர்வு என்றால், ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா, அதேதான்.

எக்ஸ்வி-15: தடித்த இறக்கை

அடுத்து நாசாவும் அமெரிக்கத் தரைப்படையும் சேர்ந்து புதிய திட்டத்தைத் தொடங்கின. 1973இல் பெல் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எக்ஸ்வி-15 என்ற பெயரில் இரண்டு விமானங்கள் கட்டப்பட்டன. முதல் பறப்பு 1977 மே 3. முழுமையான நிலைமாற்றம் 1979 ஜூலை 24.

ஆட்டத்தை இவர்கள் எப்படி அடக்கினார்கள்? இறக்கையைத் தடிமனாக்கினார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 100 செ.மீ. என்றால் அதன் தடிமன் 23 செ.மீ. இருக்கும். பயணிகள் ஜெட் விமானங்களில் இது பொதுவாக ஏறத்தாழப் பாதிதான். தடித்த இறக்கை எளிதில் முறுக்காது, அதனால் ஆட்டம் வராது. எக்ஸ்வி-15 மணிக்கு 550 கிலோமீட்டர் வரை எட்டியது. சாதாரண ஹெலிகாப்டரால் நினைத்தும் பார்க்க முடியாத வேகம். 1981இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் பறந்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வரவு: விமானம் ஆடாமல் பறக்கிறது. செலவு: தடித்த இறக்கைக்குக் காற்றுத்தடை அதிகம், எரிபொருள் அதிகம். சிறிய சோதனை விமானத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் இருபத்து நான்கு வீரர்களை ஏற்றும் பெரிய விமானம் வேண்டும் என்றால், அலுமினியத்தால் அவ்வளவு முறுக்குத் தாங்கும் இறக்கை செய்வதற்குள் எடை எங்கோ போய்விடும். செங்குத்தாக எழும்ப வேண்டிய விமானத்தில் ஒவ்வொரு கிலோவையும் சுழலிகள் மட்டுமே தூக்க வேண்டும். ஓடுபாதையில் ஓடி எழும்பும் விமானத்துக்கு இருக்கும் சலுகை இதற்குக் கிடையாது.

வேட்டித் துணியில் ஒரு பாடம்

இங்கேதான் கலப்புப் பொருள், அதாவது காம்போசிட், கதைக்குள் வருகிறது. மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக வைப்பதுதான் இது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ரோஜர் பேக்கனும், அதையடுத்து ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தினரும் கார்பன் இழையை வளர்த்தெடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் இதை நம்பி இறங்குவது சூதாட்டம் மாதிரி. ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி211 எஞ்சினின் முன்விசிறி இதழ்களைக் கார்பன் இழையால் செய்யப் பார்த்தது. பறவை மோதும் சோதனையில் அவை தேறவில்லை. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த எஞ்சின் திட்டத்தின் செலவு எகிறியதில் 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்ராய்ஸ் திவாலானது. ஒரு பொருளின் நல்ல குணத்தை மட்டும் பார்த்து, கெட்ட குணத்தைப் பார்க்காமல் விட்டால் எவ்வளவு பெரிய நிறுவனமும் கவிழும் என்பதற்கு இது எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய உதாரணம். :-)

சரி, கார்பன் இழையில் அப்படி என்ன விசேஷம்? எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பது எல்லோரும் சொல்வது. உண்மையான விசேஷம் வேறு. ஒரு வேட்டியை எடுத்து நூல் ஓடும் திசையில் இழுத்துப் பாருங்கள். நீளாது. அதையே மூலைக்கு மூலை இழுங்கள், நன்றாக நீளும். அதே துணி, அதே நூல், திசைதான் வேறு. அலுமினியத் தகட்டில் இந்த வித்தியாசம் கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே குணம்.

கார்பன் இழையில் அடுக்குகளை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு பலகையை 'இந்தப் பக்கம் வளையலாம், அந்தப் பக்கம் முறுக்கக் கூடாது' என்று செய்ய முடியும். வேண்டிய இடத்தில் மட்டும் விறைப்பை வைத்து, வேண்டாத இடத்தில் எடையைக் குறைக்கலாம். இறக்கையின் முறுக்கத்தை அடக்க வேண்டிய டில்ட்ரோட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்குமா?

வி-22 ஆஸ்ப்ரே

1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் போன நடவடிக்கை பாலைவனத்திலேயே தோற்றது. ஹெலிகாப்டர்கள் சில பழுதாகி நின்றன. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் போக்குவரத்து விமானத்தின் மீது மோதி எட்டு வீரர்கள் இறந்தார்கள். நெடுந்தூரம் வேகமாகப் போய், ஓடுபாதை இல்லாத இடத்தில் இறங்கக்கூடிய ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1981 டிசம்பரில் தொடங்கிய திட்டம்தான் பின்னால் பெல், போயிங் இரண்டும் சேர்ந்து கட்டிய வி-22 ஆஸ்ப்ரே ஆனது. முதல் பறப்பு 1989 மார்ச் 19.

ஆஸ்ப்ரேயின் உடற்கூட்டில் எடைக் கணக்கில் 43 சதவீதம் கலப்புப் பொருள். இறக்கையின் தோலும் அதை உள்ளிருந்து தாங்கும் சட்டங்களும் கார்பன் இழை. சுழலி இதழ்களும் கலப்புப் பொருளே. அதற்கு முன்னோட்டமாக எக்ஸ்வி-15இன் உலோக இதழ்களைக் கழற்றிவிட்டுக் கலப்புப் பொருள் இதழ்களைப் பொருத்தி 1987இல் பறந்து பார்த்தார்கள். டில்ட்ரோட்டார் இதழ் நேராக இருக்காது. அடியிலிருந்து நுனி வரை மிக அதிகமாக முறுக்கப்பட்டிருக்கும். அந்தச் சிக்கலான வடிவத்தை அச்சில் வார்ப்பது உலோகத்தை வளைப்பதைவிட எளிது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்ப்ரேயின் இறக்கைத் தடிமன் அதே 23 சதவீதம்தான்! கலப்புப் பொருளை எடை குறைக்கப் பயன்படுத்தினார்களே தவிர, இறக்கையை மெலிதாக்கும் அளவுக்குப் போகவில்லை.

அந்த அடுத்த படியைத்தான் 1990களில் நாசாவின் லாங்லி மையமும் பெல் நிறுவனமும் ஆராய்ந்தன. தடிமனை 18 சதவீதமாகக் குறைத்த இறக்கை. வெறுமனே மெலிதாக்கினால் ஆட்டம் திரும்பி வந்துவிடும். அதனால் இழை அடுக்குகளைச் சாய்வாக வைத்து, இறக்கை மேல்நோக்கி வளையும்போது எழும் கெட்ட முறுக்கத்தை அந்த இழைகளே எதிர்க்கும்படி வடிவமைத்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துச் சோதித்தபோது, சாய்வு அடுக்கு இல்லாத மெல்லிய இறக்கையைவிட இது அதிக வேகம் வரை நிலையாக நின்றது. மோட்டார் இல்லை, கணினி இல்லை. இழையின் கோணமே ஆட்டத்தை அடக்குகிறது.

சுழலி இதழிலும் இதே வித்தையை முயன்றார்கள். எழும்பும்போது இதழில் ஓரளவு முறுக்கு போதும், விமானமாக வேகமாகப் போகும்போது வேறு அளவு முறுக்கு வேண்டும். ஒரே இதழ் இரண்டுக்கும் சமரசம் செய்துகொள்கிறது. ஆனால் ஆஸ்ப்ரேயின் சுழலி எழும்பும்போது நிமிடத்துக்குச் சுமார் 397 சுற்றும், விமான நிலையில் சுமார் 333 சுற்றும் சுற்றுகிறது. சுற்று மாறினால் இதழை வெளிப்பக்கம் இழுக்கும் விசையும் மாறும். இழுத்தால் தானாக முறுக்கு மாறும்படி இழைகளை அடுக்கினால், இரண்டு நிலைக்கும் ஏற்றபடி இதழே தன்னை மாற்றிக்கொள்ளும் அல்லவா? ஆஸ்ப்ரேயில் இது இல்லை. ஆனால் யோசனையின் அழகைப் பாருங்கள்.

செலவுப் பக்கம்

இதுவரை வரவு. இனி செலவு. இதை எழுதாமல் விட்டால் கணக்கு பொய்.

1992 ஜூலை 20 அன்று வர்ஜீனியாவின் குவான்டிகோவில் ஒரு ஆஸ்ப்ரே தரையிறங்க வந்தபோது ஆற்றில் விழுந்து அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். எஞ்சின் கூட்டுக்குள் கசிந்து தேங்கிய எரியக்கூடிய திரவத்தால் தீப்பிடித்தது. ஆஸ்ப்ரேயில் ஒரு எஞ்சின் நின்றாலும் மற்ற எஞ்சின் இரண்டு சுழலிகளையும் சுற்ற வேண்டும். அதற்காக இறக்கை வழியாகச் சக்தியைக் கடத்தும் தண்டு அமைப்பு உண்டு. எடையைக் குறைக்கக் கலப்புப் பொருளால் செய்த தண்டு, தீயின் வெப்பத்தில் செயலிழந்தது. உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு தேவையான நேரத்தில் கைகொடுக்கவில்லை. கார்பன் இழை வெப்பம் தாங்கும், ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் தாங்காது. கட்டு அவிழ்ந்த விறகு மாதிரிதான் அப்புறம்.

2000 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவில் 19 வீரர்கள் இறந்தார்கள். வேகமாகக் கீழிறங்கும்போது ஒரு சுழலி தன் சொந்தக் காற்றுச் சுழலிலேயே சிக்கித் தூக்கும் சக்தியை இழந்தது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று வட கரோலினாவில் எண்ணெய்க் குழாய் உடைந்ததும் மென்பொருள் கோளாறும் சேர்ந்து நான்கு பேரைக் கொன்றன. இவற்றுக்கும் இறக்கையின் பொருளுக்கும் சம்பந்தம் இல்லை. 2007இல்தான் ஆஸ்ப்ரே முறையாகப் பணியில் சேர்ந்து, அதே ஆண்டு ஈராக்குக்குப் போனது.

2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவருகே ஒரு ஆஸ்ப்ரே கடலில் விழுந்து எட்டு பேர் இறந்தார்கள். இறக்கை நுனிக் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறிய பற்சக்கரம் உடைந்ததுதான் தொடக்கம். எச்சரிக்கை விளக்குகள் எரிந்தும் பறப்பைத் தொடர்ந்ததும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்தப் பற்சக்கரம் எஃகு. இதற்குப் பிறகு, மாசு இன்னும் குறைவான, மூன்று முறை உருக்கிய எஃகில் கியர்கள் செய்ய முடிவெடுத்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மனதைத் தைத்த இடம் இதுதான். எக்ஸ்வி-3இல் உடைந்தது இறக்கை நுனி. அதைக் கார்பன் இழை சரிசெய்தது. இறக்கை வலுவான பிறகு பெரிய விமானம், பெரிய எஞ்சின், அதிகச் சுமை என்று போக முடிந்தது. அந்தச் சுமையெல்லாம் கடைசியில் வந்து விழுந்தது நூற்றாண்டு பழைய நண்பனான எஃகுப் பற்சக்கரத்தின் மேல். ஆபத்து மறையவில்லை, இடம் மாறியது. ஆஸ்ப்ரே விபத்துகளில் இதுவரை 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள்.

அடுத்த பக்கம்

2017 டிசம்பர் 18 அன்று பெல்லின் வி-280 என்ற அடுத்த தலைமுறை டில்ட்ரோட்டார் முதன்முதலாகப் பறந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை அதைத் தேர்ந்தெடுத்தது. எக்ஸ்வி-15, ஆஸ்ப்ரே இரண்டின் இறக்கைகளும் சற்று முன்பக்கம் சாய்ந்திருக்கும். வளைந்து ஆடும் சுழலி இதழ் இறக்கையில் பட்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. வி-280இன் இறக்கை ஒரே நேர்க்கோடு. உடலின் மேல் ஒரே துண்டாக உட்கார்ந்திருக்கும் கார்பன் இறக்கை. ஆஸ்ப்ரே பாணி இறக்கையை இதே அளவில் செய்வதைவிட இதற்கு 30 சதவீதத்துக்கு மேல் செலவு குறைவு என்பது பெல் நிறுவனம் சொல்லும் கணக்கு. எஞ்சின் முழுவதும் சாய்வதில்லை, சுழலியும் அதன் தண்டும் மட்டும் சாய்கின்றன. சாயும் பாகம் குறைந்தால் பழுதாகும் இடமும் குறையும் என்ற நம்பிக்கை.

கலப்புப் பொருள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆஸ்ப்ரே ஒரு பறக்கும் சவப்பெட்டி என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்டான்ஸ்பரி மயங்கி விழுந்த அந்த அதிர்வு இன்று அடங்கிவிட்டது. அது உண்மையான வரவு. குவான்டிகோவின் தண்டும் யாகுஷிமாவின் பற்சக்கரமும் அதே ஏட்டின் மறுபக்கம். ஒரு புதிய பொருள் வரும்போது 'இது எதைத் தாங்கும்?' என்று எல்லோரும் கேட்கிறோம். 'இது தாங்கும் சுமை அடுத்து யார் தலையில் போய் இறங்கும்?' என்றும் கேட்க வேண்டும். விமானத்துக்கு மட்டும் அல்ல, எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள், பேசுவோம்.